செம்பனை ரோட்டில் ஊற்றிய தண்ணீர்

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? பால் கட்டி வலித்தால் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டு.

அன்று காலை நீ அசந்து தூங்கும்போது பாப்பாவுக்கு மூச்சு திணறியது. நானும் மாப்பிள்ளையும் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லுக்குட் டவுனுக்குப் போவதற்குள், செம்பனைத் தோட்டத்து ரோட்டிலேயே, என் மடியில் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. போத்தல் தண்ணீரை மூன்று தரம் தலையில் ஊற்றினேன்.

"அத்தே, என்ன செய்றீங்க? புள்ளைக்குக் குளிரும் லா!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"காய்ச்சல் தம்பி" என்று பொய் சொன்னேன்.

ஞானஸ்நானம் வேண்டாமென்று நீங்கள் இருவரும் பேசி முடித்தது எனக்குத் தெரியும். உயிர் போகிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம் என்று மாதா கோயிலில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்ன பிறகும், பாப்பா போனதற்கு என் தண்ணீர்தான் காரணம் என்று நீ நினைக்கிறாய்.

நேற்று ஃபாதரிடம் சொன்னேன். "நீங்க ஊத்துனதே செல்லும்மா. ஞானஸ்நானப் புத்தகத்துல எழுதணும், என்ன பேரு வெச்சீங்க?" என்றார்.

நான் எப்படி வைப்பேன்? "பாப்பா" என்றுதான் சொல்லி ஊற்றினேன். பெயர் வைப்பது உங்கள் உரிமை.

புத்தகத்தில் வேண்டாமென்றால் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டுமாவது சொல்லடி. என்ன பெயர் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

உன் அம்மா