பியோனிக்கு ஒரு மார்கழி

1 டிசம்பர் 2024, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். படிக்கப்போவது நான் ஒருத்தன்தான், ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். ஐஸ் பிளாண்டில் கொக்கி பிடித்தே இறுகிப்போன கை இது. பேனாவையும் ஐஸ் கட்டியைக் குத்துவது மாதிரிதான் பிடிக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது.

இந்த வயதில் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த ஜெப்ஸி டீச்சர், "வாரம் ஒரு தடவையாவது எழுதுங்க தாத்தா, இல்லன்னா கை மறந்துரும்" என்றார். மறக்க விடுவேனா?

சொரிமுத்து. என் பெயர். எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

8 டிசம்பர்

மருமகளின் செடியைப் பற்றி எழுத வேண்டும்.

மருமகள் கமலேஷ் இமாச்சலப் பக்கம், மலைக்காரி. என் மகன் மாரிச்செல்வம் அங்கே ஆப்பிள் குடோனில் குளிர் மெஷின் பார்த்தபோது கட்டிக்கொண்டு வந்தான். இப்போது அவன் கப்பலில் மெக்கானிக். அவள் எங்களோடு. "கமலேஷா? ஆம்பளப் பேருல்லா!" என்று தெருவே சிரித்தது. இப்போது பழகிவிட்டது.

போன மே மாதம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். அம்மா வீட்டு வாசலில் வளர்த்த பூச்செடி, பியோனி. ஐப்பசியில் அவள் அண்ணன் அதன் கிழங்கில் ஒரு துண்டு வெட்டிப் பார்சலில் அனுப்பினான். கருணைக்கிழங்குபோல இருந்தது, சிவப்பாக இரண்டு மூன்று கண்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு தொட்டியில் நட்டாள்.

"இது பூக்காது மாமா. பனிக்குள்ள கெடந்து தூங்கணும். தூங்கினாத்தான் பூக்கும்."

பனிக்கு நான் எங்கே போக? — என்று யோசித்தேன். யோசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஐஸில் கிடந்தவன் கேட்கிற கேள்வியா இது!

9 டிசம்பர்

தப்புப் பண்ணிவிட்டேன்.

விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் முடிந்த இடத்தில் கிடந்த ஐஸ் தூளைச் சாக்கில் அள்ளிவந்து தொட்டியைச் சுற்றிக் கொட்டினேன். மத்தியானம் தொட்டி அடியில் வடிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரை ஆயிற்றே, எனக்குத் தெரியாதா? எப்படி மறந்தேன்?

கமலேஷ் மண் முழுதையும் தட்டிவிட்டு, கிழங்கை நல்ல தண்ணீரில் அலசி அலசி எடுத்தாள். என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் மட்டும், "குடிக்க வச்சிருந்த தண்ணி பூராவும் போச்சு. இனி எல்லாரும் பியோனிகிட்ட வாங்கிக் குடிங்க" என்றாள்.

ஐஸ் பிளாண்டில் என்னோடு வேலை பார்த்த மரியான் கேள்விப்பட்டு வந்தான். "ஏலே, மருமவ செடியக் கருவாடு போடுதியாமே?" சிரித்துவிட்டு அவனே வழியும் சொன்னான். அவன் இப்போது குளிர் அறைப் பொறுப்பில் இருக்கிறான். கதவுப் பக்கத்தில் ஒரு மூலை உண்டு. குளிர் இருக்கும், கட்டியாக உறையாது.

தொட்டியை நாளைக்கே கொண்டுபோகிறோம்.

15 டிசம்பர்

விடாத மழை. கரண்ட் இல்லை. மரியானுக்குப் போன் போட்டேன். "ஜெனரேட்டர் ஓடுது, ஒம் பேத்தி ஒறங்குதா, போனை வையி" என்கிறான். செடியைத்தான் பேத்தி என்கிறான்.

5 ஜனவரி 2025

இன்று குளிர் அறைக்குக் கமலேஷையும் அழைத்துக்கொண்டு போனேன். சீலா மீனும் ஊளி மீனும் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே அவள் அம்மாவின் தொட்டி. அவள் கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊதினாள், புகை வந்தது. "எங்க ஊரு வாசம் இல்ல. ஆனா எங்க ஊரு குளிரு" என்றாள். வெளியே வரவே மனசில்லை அவளுக்கு. மரியானின் கோட்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உப்பளம்தான் தெரிந்தது.

19 ஜனவரி

மகன் கப்பலிலிருந்து பேசினான். அந்த ஆப்பிள் குடோன்காரர் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறாராம். "அவளுக்கு இங்கன வெயில் ஒத்துக்கலப்பா. அங்கயே போயிருவமான்னு கேக்கா" என்றான். நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல?

இதை ஆறுமுகத்தாயிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குச் சண்டை போட ஆள் வேண்டும், கமலேஷிடம் போடுகிற சண்டை மாதிரி வேறு யாரிடமும் அமையாது. தமிழே அந்தச் சண்டையில் கற்றதுதான் அந்தப் பிள்ளை.

செடி இங்கே பிடித்துவிட்டால் அவளும் இங்கே பிடித்துவிடுவாள் — இப்படி ஒரு எண்ணம் எனக்கு. பைத்தியக்கார எண்ணம்தான். எழுதிவிட்டேன், கிடக்கட்டும்.

16 பிப்ரவரி

முளைத்துவிட்டது! முளைத்துவிட்டது!

போன வாரம் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முருங்கை நிழலில் வைத்தோம். இன்று காலை சிவப்பாக மூன்று முளை, குழந்தை விரல் மாதிரி. கமலேஷ் "அத்தை! அத்தை!" என்று கூப்பிட்ட சத்தத்தில் ஆறுமுகத்தாய் பாம்பென்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

இன்னும் மீன் வாசம் போகவில்லை. பூனை வந்து வந்து மோந்து பார்க்கிறது.

23 மார்ச்

மொட்டு. ஒன்றே ஒன்று. பட்டாணி அளவு.

அதில் எறும்பு ஏறிவிட்டது. ஆறுமுகத்தாய் எறும்புப்பொடி டப்பாவோடு போக, கமலேஷ் குறுக்கே விழுந்து மறித்தாள்.

"வேண்டாம் அத்தை! எறும்பு வரட்டும். மொட்டுல தேன் இருக்கு. எறும்பு வந்தா நல்லதுன்னு அம்மா சொல்லுவா."

"ஏளா, உங்க ஊர்ல எறும்புக்கு விருந்தா வைப்பீங்க?"

"ஆமா. வைப்போம்."

ஆறுமுகத்தாய் டப்பாவை மூடினாள். சாயங்காலம் பார்க்கிறேன், தொட்டி ஓரத்தில் ஒரு சிட்டிகைச் சீனி கிடக்கிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

6 ஏப்ரல்

வெயில். ஈரச்சாக்கு கட்டிவிட்டோம். நல்ல தண்ணீர் எனக்கு ஒரு செம்பு, அதற்கு ஒரு செம்பு.

20 ஏப்ரல்

மொட்டு கருகிப்போச்சு.

தொட்டதும் கையோட வந்துட்டு. உள்ளே இத்தனூண்டு ரோஸ் நிறம் இருந்துச்சு. நாந்தான் தொட்டேன். ஏன் தொட்டேன்?

கமலேஷ் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "வெயில்ல மாமா. நீங்க என்ன செய்வீங்க" என்றாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள், பாருங்கள்.

27 ஏப்ரல்

அவள் அம்மாவின் வருஷத் திதி வருகிறது. ஊருக்குப் போகிறாள். மகனும் கப்பலிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போகிறான். அந்த வேலையைப் பற்றியும் அங்கேயே பேசி முடிவெடுப்பார்களாம். ஆறுமுகத்தாய்க்கும் இப்போது எல்லாம் தெரியும். மீன் கழுவும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறாள்.

நான் ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் சொன்னேன்: "தாயி, போகும்போது செடியையும் கொண்டுபோயிரு. குளிர்ல வளர வேண்டியத இந்த வெயில்ல கட்டி வச்சுருக்கோம். பாவம் அது."

செடியைத்தான் சொன்னேன். அவளுக்கும் புரிந்திருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள்.

4 மே 2025, ஞாயிறு

முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயிலில் அவளை ஏற்றிவிட்டு வந்தோம். பெட்டி ஒன்று. அண்ணன் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் மக்ரூன் இனிப்பு. ஆறுமுகத்தாய் திணித்த கருப்பட்டிப் பொட்டலம். நான் எண்ணிப் பார்க்கிறேன், தொட்டியைக் காணோம்.

"செடிய எங்கம்மா? வீட்டுலயே விட்டுட்டியா?" எனக்குப் பதறிவிட்டது.

"முருங்கை அடியில இருக்கு மாமா."

"ஏளா, அதக் கொண்டுபோகத்தான சொன்னாரு?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அங்க நெறய இருக்கு அத்தை. இது இங்க உள்ளது."

வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மரியான் அண்ணாச்சிகிட்ட அந்த மூலைய இப்பவே சொல்லி வைங்க மாமா! மார்கழிக்கு நானே தூக்கிட்டு வாரேன்!" என்று கத்தினாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது.

நேரே மரியானிடம் போனேன். "மே மாசத்துலயே மார்கழிக்கு எடம் பிடிக்க வந்த மொத ஆளு நீதாம்லே" என்றான். ஆனால் எடம் உண்டு என்றான்.

ஆறுமுகத்தாய் வந்த சேலையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நல்ல தண்ணீர்.

இத்தனை பாடுபட்டும் பியோனி பூ எப்படி இருக்கும் என்று நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் அம்மா வாசலில் இப்போது பூத்திருக்குமாம், போனதும் படம் அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். கை கடுக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பூவைப் பார்த்துப் பார்த்து, நிதானமாக எழுதுவேன்.