கைதவறிய குச்சி

லண்டன்
4 பிப்ரவரி 1994

அன்புள்ள லொரெய்ன்,

நலமா? பாப்பா பால் குடிக்கிறாளா? எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் பத்துப் பாட்டு முடிந்துவிட்டது. "படகுத்துறை" மட்டும் உயிரில்லாமல் கிடக்கிறது. உன் இடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ரசல் தப்பே செய்வதில்லை, அதுதான் வினை!

முதல் தடவை நம்மூர் பப்பில் அதை வாசித்தபோது உன் கையிலிருந்து குச்சி நழுவியது. நீ குனிந்து தேடினாய், பாட்டு நின்றது, கூட்டம் "எடுடீ லொரெய்ன்!" என்று கத்தியது. அப்புறம் ஒவ்வொரு வாரமும் வேண்டுமென்றே கீழே போட்டாய், ஊரே கத்தியது. ரசலும் போட்டுப் பார்த்தான். சகிக்கவில்லை. 19ஆம் தேதி சனிக்கிழமை நீ வந்து வாசித்துக் கொடேன்.

டங்கன்

ஹல்
9 பிப்ரவரி

டங்கனுக்கு,

நன்றாயிருக்கிறது நியாயம்! நான் பிள்ளையுண்டானதும் "நீ ஓய்வெடு" என்றாய். மறுவாரமே ரசலை உட்காரவைத்து ஆல்பக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய். ஆறு வருஷம் அந்தக் குளிர்ந்த சர்ச் கூடத்தில் கையுறையோடு வாசித்தவள் நான். வயிறு எரிகிறதடா.

விருந்தாளியாக வரமாட்டேன். ஆல்பத்தின் அட்டையில் குழுவில் ஒருத்தியாக என் பெயர் இருக்குமென்றால் வருகிறேன். அம்மாவிடம் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கேட்டேன். "சனிக்கிழமை எனக்கு பிங்கோ ஆட்டம் இருக்குடி. பிள்ளையையும் தூக்கிட்டுப் போ" என்கிறாள்.

லொரெய்ன்

லண்டன்
13 பிப்ரவரி

அன்புள்ள லொரெய்ன்,

உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படித்தேன். வெட்கமாகிவிட்டது. நான் செய்தது தப்பு, மன்னித்துக்கொள். முதலில் வாயைத் திறந்தவன் ரசல்தான்: "அவங்க பேர எனக்கு மேல போடுங்கடா."

சனிக்கிழமை ரயிலடியில் நிற்பேன். பாப்பாவும் வரட்டும்.

டங்கன்

ஹல்
2 ஜூன்

அன்புள்ள டங்கன்,

ஆல்பம் வந்தது. அட்டையில் என் பெயரை அம்மா பால்காரரை நிறுத்திவைத்துக் காட்டினாள். பாவம், அவருக்கு நேரமாகிவிட்டது. குச்சி விழுந்த இடைவெளியில் பாப்பா வீறிட்டாளே, அதை வெட்டிவிடுவீர்கள் என்று நினைத்தேன். விட்டுவைத்திருக்கிறீர்கள். கேட்டு அழுதேவிட்டேன், போ.

நேற்று இசைத்தட்டுக் கடையில் "படகுத்துறை" ஓடியது. குச்சி விழுந்ததும் முன்பின் தெரியாத இரண்டு பேர் "எடுடீ லொரெய்ன்!" என்று கத்தினார்கள். பாப்பா கீழே போட்ட கிலுகிலுப்பையை அப்போதுதான் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டேன்டா!" என்றேன்.

உங்கள்
லொரெய்ன்
(ட்ரம்ஸ்)