வடிகட்டியில் மாட்டாத அண்ணன்

லபாசா, பிஜி.

அன்பு மகன் வேரெனிகிக்கு, உன் அம்மா லிதியானா எழுதுவது. இங்கே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம். அங்கே ஆஸ்திரேலியாவில் நீ மாம்பழத்தைப் பறிக்கிறாயா, தின்கிறாயா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். இதைப் போனில் சொல்லியிருப்பேன். உன் மூச்சு மாறுவது கேட்டால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பிழையைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்க பீரை விட்டாய், தொப்பையைக் குறைத்தாய். தொப்பையை இனி வளர்த்துக்கொள்ளலாம், ராசா. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உன் சிறுநீரகம் தரைவினிக்கு ஆகாதாம்.

அவள் லாரியிலிருந்து விழுந்து ரத்தம் போன நாள் நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த ரத்தம் தயாராக இருந்தது. உன் மாமா இலிசோனிதான், ஊர்ப் பெரியவர்களிடம் வேண்டுதல் கேட்கிற மாதிரி, யங்கோனா வேர்க்கட்டை நர்சின் முன் வைத்து, தரையில் உட்கார்ந்து கைதட்டி, “எங்க பொண்ணுக்கு எங்க ரத்தம்தான் ஏறணும்மா, ஊரான் ரத்தம் வேண்டாம்” என்றார். “இது என்ன ஊர்க்கூட்டமா? எந்திரிங்க மாமா” என்று நர்ஸ் திட்டியும் நகரவில்லை. முதல் ஆளாகக் கையை நீட்டியவன் நீ. ரத்தம் ஏறியதும் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பாயைப் போர்த்திவிட்டு ஜெபப்பாட்டுப் பாடினோம்.

டாக்டரம்மா இப்போது சொன்னார். “சிவப்பணு உதவிக்குத்தாம்மா போச்சு. கூடவே உங்க மகனோட வெள்ளையணுவும் போயிருச்சு. அதை வடிகட்டிட்டுத்தான் ஏத்தணும். அப்ப இங்க வடிகட்டி கிடையாது. அவ உடம்பு உங்க மகனை அந்நியன்னு அடையாளம் பார்த்து வெச்சிருக்கு. அவன் சிறுநீரகத்தை வெச்சா அடிச்சு விரட்டிடும்.”

“சின்னதுல இருந்தே ரெண்டும் அடிச்சுக்கிட்டுத்தான் கிடந்துச்சு. உடம்புக்குமா தெரிஞ்சுபோச்சு?” என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

கொடுக்க வேறு ஆள் இல்லை. எனக்குச் சர்க்கரை, மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து மாமா யங்கோனா குடிக்கும் இடத்துக்கே போவதில்லை. அவரை ஒன்றும் கேட்காதே. அன்று ரத்தம் கொடுக்க எல்லாரும் ஆசையோடுதான் வரிசையில் நின்றோம்.

தரைவினி இப்போதெல்லாம் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் பாதியிலேயே மயங்கிவிடுகிறாள். நேற்றும் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தப் பைக்குக் கீழே தட்டையாக ஒரு வடிகட்டி தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அன்னைக்கு அண்ணன் இதுல மாட்டியிருந்தா, இன்னைக்கு எங்கிட்ட வந்து சேர்ந்திருப்பான்லம்மா?” என்றாள். வாயாடி நான், அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. சாமான் எதுவும் வாங்காதே, வெறுங்கையோடு வா. பக்கத்தில் உட்கார்ந்து அவளை வம்புக்கு இழு. அவள் கையைப் பிடித்துக்கொள். கையைப் பிடித்தால் உடம்பு விரட்டாது, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

கடலும் காற்றும் உனக்கு வழிவிடட்டும், மகனே.

உன் வரவுக்காக வாசல் விளக்கை அணைக்காத
அம்மா லிதியானா