தண்ணீர் எடை

அனுப்புநர்:
பழைய பேப்பர் கடையில் எடை போட்டவரின் மனைவி,
கடைக்கு மேலுள்ள மாடி வீடு.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை.

பொருள்: இதயப் பிரிவில் இறந்த என் கணவரின் சிகிச்சைக் குறிப்பில் “அறிவுரையைக் கடைப்பிடிக்காதவர்” என்று எழுதியிருப்பதை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதயம் பலவீனமாகிவிட்டதென்று தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய என் கணவர், போன மாதம் மறுபடியும் சேர்க்கப்பட்டு, அன்றே இறந்துபோனார். சிகிச்சைக் குறிப்பின் நகலை வாங்கியபோது மேற்கண்ட வரியைப் படித்தேன். அவர் போனதைத் தாங்கிக்கொண்டு எப்படியோ நடமாடுகிறேன். அந்த வரியைத்தான் தாங்க முடியவில்லை.

2. முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் சொன்னது இவ்வளவுதான்: “உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, தினமும் காலையில எடை பாருங்க.” வார்டில் அவ்வளவு கூட்டம், அவருக்கு நிற்க நேரமில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எடையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எடை போடுவதே பிழைப்பாக இருந்தவருக்கு அதைக் கேட்கத் தோன்றவும் இல்லை.

3. என் கணவருக்கு நாக்கு நீளம்; ருசியில்லாமல் ஒரு வாய்கூட இறங்காது. அப்படிப்பட்டவர், “ஆஸ்பத்திரி நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு” என்று கேலி செய்துகொண்டே உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டார். மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. தினமும் கடை திறந்ததும் முதல் போணியாகத் தானே தராசில் ஏறி நின்றார்.

4. தங்கள் வார்டிலிருந்து வந்தபோது கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆகவே எடை ஏற ஏற எங்களுக்குச் சந்தோஷம். “இன்னிக்கும் ஏறியிருக்கு! கடைச் சரக்கைவிட நான்தான் வேகமா ஏறுறேன்” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். நானும் உடம்பு தேறுகிறது என்று பூரித்துப்போனேன். கால் வீங்கியபோது, நாளெல்லாம் நிற்கிறாரே என்று பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றபோது இன்னொரு தலையணை வைத்தேன்.

5. மறுபடி சேர்த்த அன்று இளம் மருத்துவர் ஒருவர், “இது சதை இல்லம்மா, உடம்புல சேர்ந்த தண்ணி. எடை ஏற ஆரம்பிச்சதுமே வந்திருக்கணும்” என்றார். என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேச முடியாமல் என்னைப் பார்த்தார்.

6. அந்தப் பார்வை தங்களுக்குப் புரிய இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பேப்பர் விற்க வருபவர்களில் சிலர், எடை கூட வேண்டுமென்று கட்டுக்கு நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். கட்டைத் தூக்கும்போதே என் கணவருக்குத் தெரிந்துவிடும். “இது தண்ணி எடை, காயவெச்சு எடுத்துட்டு வாங்க” என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார். அதில் அவரை ஏமாற்றியவர் கிடையாது. எடை ஏறினால் அது தண்ணீர் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்திருக்காது.

7. நான் நஷ்டஈடு கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, “சொன்னதையெல்லாம் செய்தார்; எதற்கென்று அவருக்குச் சொல்லப்படவில்லை” என்று எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் எடை ஏறினால் என்ன அர்த்தம், ஏறினால் எங்கே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பவும் வேண்டுகிறேன்.

8. முதல் முறை என் கணவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரர், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது துக்கம் விசாரிக்க வந்தார். செருப்பு காலில் ஏறாமல் கையில் பிடித்திருந்தார். “நான் தேறிட்டு வர்றேன், எனக்கும் எடை ஏறுதும்மா” என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். இந்த மனுவைக் கொண்டுவந்து தங்கள் எதிரில் நிற்பவர் அவர்தான். மனுவைப் பிறகு படித்துக்கொள்ளலாம் ஐயா. முதலில் அவரைப் பாருங்கள்.

இடம்: கடை மாடி வீடு
நாள்: மார்ச் 11

இப்படிக்கு,
(கையொப்பம்)
எடை போட்டவரின் மனைவி