வீட்டுக்கு வந்தால் ஒரு கடவம் மண்

அஞ்சுகிராமம்,
1934 மே

அன்புள்ள மகன் ஜஸ்டஸுக்கு, அப்பா சத்தியநேசனும் அம்மா தேவகனியும் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே ஆளுக்கும் ஆட்டுக்கும் ஒரு குறைவும் இல்லை, கொழும்பில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல், வேளைக்கு உண்டு உறங்கிச் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அம்மா சொல்லச் சொல்ல இதை எழுதுவது உன் தங்கை ஜெபகுமாரியாகிய நான். சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று கட்டளை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும்.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று உன்னைப் போலவே காரணமில்லாமல் துள்ளுகிறது. ஜெபகுமாரியைப் பெரிய வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களா என்று நீ கேட்டிருந்தாய். அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதுவது? அங்கே பிள்ளை பெற்றிருக்கும் மருமகளுக்குத் துணையாக நான் போய்த் தங்க வேண்டும், பள்ளிக்கூடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் விட்டார்கள். அந்தப் பிறகு ஒருநாளும் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். நாம் அவர்கள் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எடுக்கிற வீட்டார், அவர்கள் கூப்பிட்டால் பிசைந்த சோற்றை விட்டும் ஓட வேண்டும். ஆராதனை நடுவில் அப்பாவைத் தேங்காய் உரிக்கக் கூட்டிப்போனதை நீயும் பார்த்தாய். இந்தத் தடவையும் அப்பா, வேறு தண்ணீர் ஏது, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மண்ணு சரிஞ்சு குழியில விழுந்தா அள்ளி எடுத்திரலாம். பிள்ள அந்த வீட்டுக்குள்ள விழுந்தா எடுக்க முடியாது பாத்துக்கிடுங்கோ.”

குழி என்றது நீ கப்பலேறிய வாரத்தில் நாம் தொடங்கிய கிணற்றை. வெளியே போய் வருகிறவர் யாரானாலும் கால் கழுவுமுன் ஒரு பனையோலைக் கடவம் நிறைய மண் எடுத்து மேலே கொட்ட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். முதல் வருஷம் சோம்பலில் எல்லாரும் குழியின் விளிம்பிலேயே கொட்டினோம். ஐப்பசி மழை அவ்வளவையும் பத்திரமாகத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தது. ஊர் சிரித்தது, நானும் கொஞ்சம் சிரித்தேன், அடி வாங்கினேன். அதன்பிறகு வீட்டுப் பின்னால் தாழ்ந்து கிடந்த பள்ளத்துக்குச் சுமந்து போய்க் கொட்டினோம், பள்ளம் நிரம்பி இன்று அங்கே வாழை குலை தள்ளி நிற்கிறது. உபதேசியார் ஞானசிங் வந்தாலும் முதலில் கடவம், பிறகுதான் ஜெபம். மண் சுமந்த அன்று அவர் ஜெபம் சுருக்கமாக முடியும் என்பதால் அவர் தலை தெரிந்ததுமே நான் கடவத்தோடு ஓடி எதிர்கொள்வேன்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை பெரிய வீட்டுக் கணக்கர் முத்துநாயகம் என்னை அழைத்துப்போக வந்தார். குழியை எட்டிப் பார்த்து, “ஏட்டி, இப்பிடியே தோண்டி கொழும்புக்குப் போயிருவியளோ?” என்றார். இந்த வீட்டில் மண் சுமந்தவரோடுதான் அம்மா பேசுவாள், உங்களுக்கு அவ்வளவு தெம்பு இருக்காது என்று அப்பா சொன்னார் என்றேன். அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. கணக்கர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கடவத்தைத் தூக்கினார், நான் கொடுத்தது அடி கிழிந்த கடவம். பள்ளத்துக்குப் போய்ச் சேரும்போது மண் கடவத்தில் இல்லை, வேட்டியில் இருந்தது. அம்மா வெளியே வந்து, பிள்ளை வரமாட்டாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அப்படியானால் நாளையிலிருந்து உங்கள் கயிறு எங்கள் கிணற்றில் விழக்கூடாது என்று அவர் உதறிக்கொண்டே போனார். சொல்லையும் வேட்டியையும் சேர்த்து.

அதன்பிறகு பட்ட பாட்டை எழுத வேண்டாம் என்கிறாள் அம்மா, அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். விடியுமுன் குளத்துக்கு நடந்து, கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம். குடத்தை இறக்கி வைத்த கையோடு ஒரு கடவம், அதற்கும் விலக்கு இல்லை. அடியில் பாறை தட்டியது. அப்பா பனையேறி வந்த களைப்போடு கடப்பாரையைப் பிடித்தார். கடைசியில் போன சனிக்கிழமை குழிக்குள்ளிருந்து அவர் சத்தம் மெதுவாக வந்தது. “தேவகனி, காலு குளிருது.”

அம்மா ஓடவில்லை, கையிலிருந்த மீனை அலசி வைத்துவிட்டுத்தான் வந்தாள். கடல் பக்கத்து மண், உவர்ப்பாக இருந்தால் அத்தனை வருஷமும் வீண் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஊறிய தண்ணீரை இரண்டு கை அள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடி, உப்பில்லை என்றாள். குழம்பில் உப்பில்லை என்றால் நம் வீட்டில் சண்டை, அன்று அதே சொல்லுக்கு அப்பா அழுதார். நான் சிரிக்கவில்லை, அண்ணா, சத்தியமாக.

இப்போது அக்கம்பக்கத்தார் தண்ணீருக்கு வருகிறார்கள். சுற்றுக்கட்டுக்கு ஆளுக்கு ஒரு கல் கொண்டுவந்தால் போதும், கூப்பிட்டால் ஓடிவர வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நேற்று முத்துநாயகமே தாகத்தோடு வழியில் நின்றார். அம்மா செம்பு நிறையக் கொடுத்தாள். நான் கடவத்தை எடுத்து நீட்டினேன், தலையில் குட்டு விழுந்தது.

நீ முதலாளி வீட்டு மிச்சத்தையே சாப்பிட்டுக்கொள்கிறேன், நேரம் மிச்சம் என்று எழுதியிருந்தாய். அம்மா அது வேண்டாம் என்கிறாள். ஒரு பிடி அரிசி என்றாலும் நீயே பொங்கித் தின்ன வேண்டுமாம், அவர்கள் சட்டியில் கை வைத்தவனை அவர்கள் எந்நேரமும் கூப்பிடலாமாம். ஞாயிறு கோயிலுக்குப் போ, மழையில் நனையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். நீ வந்து இறங்கும் அன்றைக்கென்று ஒரு கடவம் மண்ணை அம்மா தனியே விட்டுவைத்திருக்கிறாள், தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

எழுத்து கலங்கித் தெரிந்தால் என் கையைக் குற்றம் சொல்லாதே. இதுவரை உனக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பெரிய வீட்டுத் தண்ணீரில்தான் மைப்பொடி கரைத்தோம். இதற்கு நம் தண்ணீர், இன்னும் தெளியவில்லை.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா தேவகனி, அப்பா சத்தியநேசன்
(எழுதியதும் கூட்டியதும் ஜெபகுமாரி)