தள்ளியே போங்க

என் பக்கத்து சீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் வலது முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி குறைந்ததா?

பதறாமல் படி, ஒன்றும் ஆகவில்லை. நேற்று ரொட்டி வேனை ஓட்டிப் போகையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றுவிட்டது. நானும் பிரேக்கை அழுத்தினேன். லாரிக்கு ஒரு முழம் பின்னால் வேன் நின்றது. ஒரு ரொட்டிகூட நசுங்கவில்லை.

வண்டிக் கேமராவில் அதைப் பார்த்த மேற்பார்வையாளர், "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள நிறுத்திட்டியே, கில்லாடிய்யா நீ!" என்று தோளைத் தட்டினார். உண்மை எனக்கல்லவா தெரியும்! கால் அசையவே முழுசாக ஒரு நொடி ஆனது. காப்பாற்றியது நான் விட்டிருந்த இடைவெளிதான். நம் பழைய காரில் முன்வண்டியை நெருங்கினாலே, இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டு, "தள்ளியே போங்க, தள்ளியே போங்க" என்று உயிரை எடுப்பாயே, அந்த வாய்க்குப் பயந்து வந்த பழக்கம் அது. அன்று உன்னைக் கிண்டலடித்ததற்கெல்லாம் மன்னித்துவிடு, தாயே.

ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீ மிதித்து மிதித்து ஓட்டை போட்ட அந்த ரப்பர் கால்மிதியைக் கொடுத்தனுப்பு. இங்கே பக்கத்து சீட்டுக்குக் கீழே கிடப்பது இன்னும் புத்தம்புதிதாக இருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை.

ரொட்டி ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

நீ சொன்னதைவிட ரொம்பவே தள்ளி வந்துவிட்ட,
உன் டிரைவர்