உன் குரலுக்குப் பின்னால் மில் ஓடுகிறது

"இவுகளுக்குச் சீனி போடலாமா?"

நேற்று ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டார்கள். கேட்டது அவளுடைய கணவரைப் பற்றி. அவர் பக்கத்திலேயேதான் நின்றார், வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இதே கேள்வியை என்னிடமும் இதே பகுதியில் கேட்டிருக்கிறார்கள். அப்போது என் பக்கத்தில் நின்றவள் நீ.

அன்று பேச்சுப் பயிற்சிக்காக உன்னை வாடிப்பட்டியிலிருந்து கூட்டி வந்திருந்தேன். பயிற்சி தரும் பெண் உன் போனில் ஒரு ஆப்பை ஏற்றித் தந்திருந்தாள். படத்தைத் தொட்டால் அது உனக்காகப் பேசும். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டதும் நீ முழங்கையால் என்னை ஒதுக்கிவிட்டு, இடது கையில் போனை எடுத்தாய். தேடித் தொட்டாய்.

"எனக்குச் சர்க்கரை வேண்டாம். நன்றி" என்றது போன்.

டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "பஸ் ஸ்டாண்டு அறிவிப்பாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

நீயும் சிரித்தாய். ஆனால் பேருந்தில் ஏறியதும் போனை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திண்டுக்கல் சாலை முழுக்க நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் கோபம் எனக்குப் புரிந்தது. உன் கணவர் போன பிறகு அந்த மாவு மில்லைத் தனியாக ஓட்டி, மகள் மலரைப் படிக்க வைத்தவள் நீ. மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே உன் குரல் அப்படி ஆகியிருந்தது. "டீச்சரு, இடியாப்பத்துக்கா புட்டுக்கா? சொல்லிட்டு நில்லுங்க" என்று நீ கேட்டால் என் பள்ளிக்கூட வாசல் வரை கேட்கும். அப்படிப்பட்டவளுக்கு யாரோ ஒருத்தியின் சுத்தமான செய்தி வாசிப்புக் குரலைக் கொடுத்தால் எப்படிப் பிடிக்கும்?

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு உன் வாயில் தங்கியது ஒரே சொல்தான். "ஆமா." சாப்பிட்டியா என்றால் ஆமா. சாப்பிடலையா என்றாலும் ஆமா. சொல்லிவிட்டு, அது இல்லை என்று தொடையில் அடித்துக்கொள்வாய். மருத்துவர் அதற்கு அஃபேசியா என்று பெயர் சொன்னார். பார்க்க வந்தவர்கள் உனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்தினார்கள், அல்லது புத்தி போய்விட்டது என்று நினைத்துக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்கள். நான் அவர்களுக்கு உன் மில்லையே உதாரணம் சொல்வேன். மோட்டார் ஓடுகிறது, மேலே அரிசியும் நிறைய இருக்கிறது, பெல்ட் மட்டும்தான் கழன்று கிடக்கிறது. நான் அதைச் சொல்லும்போதெல்லாம் நீ கட்டிலில் ஓங்கித் தட்டுவாய். நான் சொன்னது சரி என்று அர்த்தம்.

உன் குரலைக் கண்டுபிடித்தவள் மலர். "டீச்சரம்மா, அம்மா குரலு நம்மகிட்டயே கெடக்கே" என்றாள். உனக்குப் போனில் எழுத்தடிக்கப் பிடிக்காது. "எழுத்துக் கூட்டி அடிக்கிற நேரத்துல ரெண்டு கிலோ அரைச்சிருவேன்" என்று எதற்கெடுத்தாலும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாய். என் போனிலும் அவள் போனிலும் நீ வருஷக் கணக்காகப் பேசியவை எல்லாம் அப்படியே இருந்தன. அந்த ஆப்பில் நம் படத்தையும் நம் குரலையும் சேர்க்க வழி இருந்தது. மூவரும் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். வேண்டும் என்றால் போனை உன் பக்கம் இழுத்தாய், வேண்டாம் என்றால் தள்ளினாய். மரியாதையான பேச்சையெல்லாம் தள்ளினாய். "போடி கிறுக்கச்சி" உள்ளே வந்தது. "கரண்டு போயிருச்சு, அப்பறம் வாங்க" வந்தது. "போதும், எந்திரிங்க" வந்தது. ஆப்பில் இருந்த பீட்சா படத்தை எடுத்துவிட்டு அங்கே இடியாப்ப மாவைப் படம் பிடித்து வைத்தோம்.

எல்லாவற்றிலும் பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நீக்கித் தரட்டுமா என்று பயிற்சிப் பெண் கேட்டாள். நீ போனை எடுத்து உன் மார்போடு அணைத்துக்கொண்டாய்.

மலருக்குக் கப்பலூர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் பையனோடு நிச்சயம். உன் வீட்டிலேயேதான் நடந்தது. உன் கணவரின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர், முன்னால் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்தால் எதிர்ப்பது சுலபம். தட்டு மாற்றுவதற்கு முன் அவர் எழுந்து நின்றார்.

"தம்பி பொண்டாட்டி இனிமே எங்க பொறுப்பு. கல்யாணம் முடிஞ்சதும் மில்லைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துரும். என்னத்தா, சம்மதந்தான?"

"ஆமா" என்றது உன் வாய்.

கூடமே நிம்மதியானது. யாரோ வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்கள். மில்லும் வீடும் உன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன, அதுவும் உன் சொல்லாலேயே. நான் எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாய். பிறகு போனை எடுத்து மில் படத்தைத் தொட்டாய்.

கூடத்துக்குள் மில் ஓடத் தொடங்கியது. அதற்கு மேலே உன் குரல். "அதெல்லாம் முடியாது. இருக்குற வரைக்கும் என் மில்லை நான்தான் ஓட்டுவேன்." முன்பு யாரோ மில்லைக் குத்தகைக்குக் கேட்டபோது நீ மலருக்கு அனுப்பியது அது.

பின்வரிசையில் ஒருவன், "மாப்ள, அத்தைக்கு ரிங்டோனை மாத்தி விடுறா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை. "வாய் ஆமாங்குது, போன் முடியாதுங்குது. சபை எதை நம்புறது? எப்பவோ பேசுன பேச்சு அது. மிஷினு சொல்றதையெல்லாம் சபையில எடுக்க முடியாதுல்ல."

அப்போதுதான் பையனின் அம்மா முதன்முதலாக வாய் திறந்தார். "மதினி, நான் ஒண்ணு கேக்குறேன். மில்லைப் பூட்டாம நீங்களே ஓட்டப் போறீகளா?"

"ஆமா" என்றது உன் வாய்.

"பாத்தீகளாண்ணே, ரெண்டுக்கும் ஆமாதான். அப்ப அந்த வாயை விட்ருவோம். மதினி, நீங்க போன்லயே சொல்லுங்க. அவசரமில்ல, நாங்க எங்க போகப் போறோம்?"

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தபடி இருந்தார். நீ மில் படத்தை விட்டுவிட்டு வேறு பக்கங்களைப் புரட்டினாய். விரல் தவறி, "கரண்டு போயிருச்சு, அப்பறம் வாங்க" என்று வந்தது. யாரோ கிளுக்கென்றார்கள். அந்த அம்மா திரும்பவில்லை. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா உன்னிடமிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தட்டில் இருந்த பூ வாடத் தொடங்கியிருந்தது. நீ தேடிக்கொண்டே இருந்தாய்.

பிறகு உன் குரல் வந்தது. ஒரு பொங்கலுக்கு இதே பெரியவர் வீட்டுக்குக் கிளம்பும்போது மலரிடம் சொன்னது. "மச்சான் வீட்டுக்குப் போறேன். நல்லாச் சாப்புடுவேன். சாயந்தரம் என் வீட்டுக்கு வந்துருவேன்."

அது ஓய்வதற்குள் மறுபடியும் மில் படத்தைத் தொட்டாய். "அதெல்லாம் முடியாது."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இது மிஷினு இல்லப்பா" என்றார். "என் தம்பி பொண்டாட்டி பேசுனா இப்பிடித்தான் பேசும். தட்டை மாத்துங்க."

அதற்குப் பிறகு இடது கையாலேயே மில்லை ஓட்டினாய். மூட்டையைத் தூக்கிக் கொட்ட மட்டும் ஒரு ஆள் வைத்துக்கொண்டாய். எனக்கு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு, நான் கதை பேச உட்கார்ந்தால், "போதும், எந்திரிங்க" என்று போனை அழுத்துவாய். இரண்டாவது முறை பக்கவாதம் வந்து உன்னைக் கொண்டுபோனது. அதற்கு முதல் நாள்கூட நீ மில்லில்தான் இருந்தாய். அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

காரியம் முடிந்ததும் உறவுக்காரர் ஒருவர், செத்தவர்கள் குரலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, அழித்துவிடு என்றார். மலர் அழிக்கவில்லை. எனக்கும் ஒரு பிரதி ஏற்றித் தந்தாள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் வைத்து அழுவதற்காக நான் அதை வைத்திருக்கவில்லை. பயிற்சி நிலையத்து பெஞ்சில் போய் உட்காருகிறேன். "அவருக்கு ஒண்ணும் புரியாதுங்க டீச்சர்" என்று யாராவது தன் வீட்டு நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னால், உன் குரலைப் போட்டுக் காட்டி, இந்தக் கதையைச் சொல்கிறேன். வீட்டில் பழைய வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அழிக்காதீர்கள், தேடி எடுத்து வாருங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். மறுவாரம் போனோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.

வகுப்பில் பல ஆயிரம் கேள்விகள் கேட்டிருப்பேன். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்து உட்காருவது எப்படி என்பதை உன் சம்பந்தியம்மாவிடம்தான் பார்த்தேன். அன்று கற்றதில் என்னிடம் இன்னும் இருப்பது அதுதான். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேச்சுப் போன ஒருவர் இருந்தால், அவரைப் பற்றிய ஒரு கேள்வியை இன்று அவரிடமே கேளுங்கள். கேட்ட பிறகு, அவர் பதில் தரும் வரை நீங்கள் பேசாமல் இருங்கள்.